டிரைவர் செய்து தரப்படும்

பலகையில் அப்படித்தான் எழுதினேன்.
முதல் வாரம் மூன்று பேர் வந்தார்கள்.
மூவரிடமும் ஹெவி லைசென்ஸ் இருந்தது.
ஒருவர் சூளகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்,
டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன்.

ஓசூர், சிப்காட் இரண்டாம் கட்டம்,
பவுடர் கோட்டிங் கம்பெனிக்குப் பின்புறம்
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஒரு வைஸ், ஒரு ஹீட் கன், எபாக்சி டப்பா,
மூடிப்போன நகைக்கடையின் தராசு.
பதினாறு வருஷம் பம்பு கம்பெனியில் தரம் பார்த்தவள் நான்.
அங்கே தப்பை மைக்ரானில் பிடிப்போம்.
இங்கே கிராமில்.

பொன்னப்பா சார், எழுபத்து மூன்று,
ஒரு காலத்தில் நானூறு பேருக்கு மேனேஜர்.
"சர்க்கரை ஏறுது, பிரஷர் ஏறுது,
பந்து போற தூரம் மட்டும் இறங்குதும்மா.
ஏழாம் குழிக்கு முன்னால ஒரு குட்டை.
அஞ்சு வருஷமா அதுக்குத்தான் பந்து வாங்கிப் போடறேன்."

அவருடைய மட்டை முந்நூற்றுப் பதினெட்டு கிராம்.
கைப்பிடியில் இருபத்தைந்து குறைத்தேன்.
கம்பை மாற்றியதில் பத்தொன்பது போயிற்று.
ஓர் அங்குலம் நீட்டினேன்;
ஒரு கிராமும் சேர்க்காமலே தலை கனத்தது.
தூரத்தில் இருப்பது கனக்கும்.
மகனை மெல்போர்னில் வைத்திருப்பவருக்கு
இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.
தலையிலிருந்து பன்னிரண்டு எடுத்தேன்.
ஆக, இருநூற்று அறுபத்திரண்டு.

கையில் வாங்கியதும் சிரித்தார்.
"மட்டையா, ஊதுபத்தியா?"

முதல் அடியே வலப்பக்கம் வளைந்து
வேலி தாண்டி
எல்லப்ப ரெட்டியின் ரோஜாக் கூடாரத்தில் விழுந்தது.
இரண்டாவதும்.
ஐந்தாவதுக்குப் பிறகு ரெட்டியே வந்தார்,
ஒரு கையில் பந்துகள், மறு கையில்
கிழிந்த பிளாஸ்டிக்குக்கு பில்.

பார்த்துக்கொண்டே நின்றேன். புரிந்தது.
மட்டையிலிருந்து ஐம்பத்தாறு கிராமை எடுத்துவிட்டேன்,
அவர் தோளிலிருந்து எடுக்கவில்லை.
அங்கே இல்லாத கனத்தை
பழைய பலத்தோடு ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி அரை அங்குலம் வெட்டினேன்.
கைப்பிடிக்குள், அவர் உள்ளங்கை படும் இடத்தில்
நாலு கிராம் ஈயத் தகடு சுற்றி மூடினேன்.
சொல்லவில்லை.
லேசாக வேண்டும் என்று காசு கொடுத்தவரிடம்
கனத்தைத் திருப்பி வைத்தேன் என்று எப்படிச் சொல்வது?

பத்து நாள் கழித்து முனிலட்சுமி வந்தாள்.
அவருக்குப் பை தூக்குகிறவள், அறுபது வயது தாண்டியவள்.
"குட்டையைத் தாண்டிச்சா?"
"அந்தக் கரையில விழுது இப்ப.
முழங்கால் தண்ணி. எடுத்துடலாம்."
பிறகு, குரலைத் தாழ்த்தாமல்:
"பிடியில என்னமோ வெச்சிருக்கே."
தராசே யோசித்துச் சொல்லும் எடை அது.
"பதினாலு மட்டை சுமக்கறேன்.
எது இளைச்சது, எது தின்னுச்சுன்னு தோளுக்குத் தெரியாதா?"

அதற்காக அவள் வரவில்லை.
திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை,
பை தூக்குகிறவர்கள் ஆடிக்கொள்ளலாம்.
அவளுக்கு ஒரு டிரைவர் வேண்டும்.

நீளமாக, லேசாக, என்று நான் ஆரம்பித்தேன்.
அவள் மூலையிலிருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்து
ஒருமுறை வீசிக் காட்டினாள்.
கால்குலேட்டர் மேலிருந்த ரசீதுகள் பறந்தன.
வேகமானியில் அவர் எண்ணைவிடப் பதினொன்று அதிகம்.

வயதைக் கேட்டு மட்டை செய்யும் பழக்கத்தை
அங்கேயே விட்டேன்.
பொன்னப்பா சாரிடமிருந்து கழற்றிய பழைய கம்பு,
அறுபத்தைந்து கிராம், பரணில் கிடந்தது.
ஏலத்தில் வந்த தலை ஒன்றில் பொருத்தினேன்.
நீட்டவில்லை, குறைக்கவில்லை.
ஐந்நூறு ரூபாய், மூன்று தவணை.

செவ்வாய்க்கிழமை காலையில் போன்.
"ஏம்மா, அந்த ஏழாம் குழியில
நேத்து யாரோ தாண்டி அடிச்சிருக்காங்களாம்.
எனக்கு இன்னும் அரை அங்குலம் நீட்ட முடியுமா?"

பார்க்கிறேன் சார் என்றேன்.
வாசலில் யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்,
கையில் லேமினேட் செய்த லைசென்ஸ்.